குழந்தைக்காகத்தான் என்று சொன்னேன்

அன்புள்ள அண்ணாவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். நீயும் அண்ணியும் பிள்ளைகளும் எப்படி இருக்கிறீர்கள்? உன் லாரிக்குப் புது டயர் மாட்டியதை அப்பா தெரு முழுக்கச் சொல்லி முடித்துவிட்டார்.

உன் மருமகள் பாப்பா பள்ளிக்கூடம் போகிறாள். போன முதல் நாளே, முன்பல் இல்லாத ஆயாவிடம், "எங்கம்மா பல்லு செய்வாங்க, உங்களுக்கு ஒண்ணு வேணுமா?" என்று கேட்டிருக்கிறாள். எனக்கு ஆள் பிடிக்கிறாள்.

குழப்பம் அங்கேதான் ஆரம்பம். போன வாரம் என் பழைய முதலாளி வீட்டுக்கு வந்தார். பாப்பா பிறந்தபோது நான் விட்டுவந்த பல் லேபின் முதலாளி. இப்போது நான் லேப் வைத்திருக்கும் பின்னறையை எட்டிப் பார்த்தார். மெழுகு அடுப்பு, வரிசையாகக் காயும் பிளாஸ்டர் தாடைகள். வேலை சுத்தமாக இருக்கிறது என்றார். பிறகு உன் மாப்பிள்ளை பக்கம் திரும்பி, "அதான் குழந்தை ஸ்கூல் போகுதே, இனிமே எதுக்கு இந்த அவஸ்தை? ஒண்ணாம் தேதி பழையபடி வேலைக்கு வரச் சொல்லுங்க" என்றார். பாப்பா வரும் நேரத்துக்கு என்னை விட்டுவிடுவாராம். உன் மாப்பிள்ளை நன்றி சொன்னார். நான் டீ போட்டேன்.

யார் மேலும் தப்பில்லை. வீட்டில் லேப் வைத்தது குழந்தைக்காக என்று நான்தானே சொன்னேன். அதைச் சொன்னதும் கேட்டவர் முகம் தெளிந்துவிடும். அடுத்த கேள்வி வராது.

ஆனால், மெழுகுச் சூட்டுக்குப் பயந்து பாப்பாவை அந்த அறைக்குள் விட்டதே இல்லை. என் மாமியார்தான் பார்த்துக்கொண்டார். நான் உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொள்வேன். போட்டதும் ஒரு நிம்மதி. அது யாருக்காக?

தெரியவில்லை. பாப்பா பிறந்திருக்காவிட்டால் பழைய லேபிலேயே இருந்திருப்பேனா? அதுவும் தெரியவில்லை.

நீ சொந்த லாரிக்காக வேலையை விட்ட அன்று, "எவன் முன்னாடியும் கை கட்டி நிக்க என்னால முடியாதுப்பா" என்றாய். அப்பா அன்றே உன்னைச் சிங்கமாக்கிவிட்டார். பிறகு உனக்கும் பிள்ளைகள் பிறந்தார்கள், பள்ளிக்கூடம் போனார்கள். லாரியை விற்றுவிட்டு வா என்று உன்னை யாரும் கூப்பிடவில்லை. பொறாமை இல்லை. கொஞ்சம் இருக்கலாம்.

நான் கேட்க நினைத்தது வேறு. அந்த வாக்கியம், வேலையை விடும் முன்பே உன்னிடம் இருந்ததா? இல்லை, வீட்டுப் படி ஏறும்போதுதான் கிடைத்ததா?

நேற்று பல் டாக்டர் ஒரு முழுப் பல் செட்டுக்கு அளவு கொடுத்தார். அவசரமில்லை, அடுத்த மாதக் கடைசியில் போதும் என்றார். அடுத்த மாதம் இந்த லேப் இருக்காது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். சரி டாக்டர் என்று வந்தது. உன் மாப்பிள்ளையிடம் இன்னும் சொல்லவில்லை. அந்த அளவில் பிளாஸ்டர் ஊற்றி வேலையைத் தொடங்கிவிட்டேன்.

என்ன செய்வதென்று நீ சொல்ல வேண்டாம். கேட்டதற்கு மட்டும் பதில் போடு. வண்டியைப் பார்த்து ஓட்டு, தூக்கம் வந்தால் ஓரமாக நிறுத்து. கடித உறையில் என் பெயருக்குக் கீழே 'பல் லேப்' என்று சேர்த்து எழுது. தபால்காரருக்குப் பழகட்டும்.

அன்புடன்,
உன் தங்கை