ஒளித்தவளுக்குப் பைத்தியம் இல்லை

மாசி 12, 2013. செவ்வாய்.

வன்னியிலிருந்து வந்த மாலதிக்கு எங்கள் முகவரிக்குத்தான் கடிதங்கள் வரும். நானாகப் படித்த பிரெஞ்சை வைத்து அவற்றை வாசித்துச் சொல்வதும் நான்தான். போன கிழமை, விசா கொடுக்கும் பிரெபெக்சர் அலுவலகத்திலிருந்து ஒன்று வந்தது. வருகிற வியாழன் ஒன்பது மணிக்கு அவள் விசாவுக்குப் போக வேண்டும். தவறினால் இன்னும் எத்தனை மாதமோ. அதை முருகன் படத்துக்குப் பின்னால் வைத்துவிட்டேன். மூன்று தடவை என் கணவர் லீவு போட்டு அவளை அங்கே கூட்டிப்போனவர். என்னோடு கோயிலுக்கு வர இவருக்கு நேரமில்லை.

சட்டம் படிக்கும் மகள் சாப்பிடும்போது தன் பாடத்தைச் சொன்னாள். நூற்றைம்பது வருஷத்துக்கு முன் அமெரிக்காவில் ஒருவன் மனைவியின் காதலனைச் சுட்டானாம். பொறாமையில் அந்த நேரம் புத்தி பேதலித்தது என்று சொல்லி, அவனை விட்டுவிட்டார்களாம்.

“பொம்பிளை செய்தாலும் விடுவினமோ?”

“சிலரை விட்டவை அம்மா. ஆனா ஒளிச்சு மறைச்சா கஷ்டம். ஒளிக்கிற ஆளுக்குப் பிழையெண்டு தெரியுமெல்லோ.”

இவர் சிரித்தார். “கொம்மா ஆரைச் சுடப்போறாவாம்?”

நான் அவருக்குச் சோறு போட்டேன்.

பிறகு முருகனிடம், எனக்கும் புத்தி பேதலித்தது என்று சொல்லப் பார்த்தேன். வாய் வரவில்லை. உறையின் நுனி தெரியாதபடி படத்தை இரண்டு முறை சரிசெய்தவள் நான்.

கடிதத்தை எடுத்துவிட்டேன். விடிய மாலதிக்குப் போன் எடுப்பேன். வியாழன் நானே அவளைக் கூட்டிப்போவேன். இவர் வேலைக்குப் போகட்டும்.