பொடிக் கணவாயின் வெளிச்சம்

ஆய்வகக் கண்ணாடி ஃபிளாஸ்கின் பஞ்சு மூடியைத் திறந்ததும் இன்றைக்கும் அதே கடல் வாடை. ராஜபாளையத்தில் எந்தப் பக்கம் திரும்பினாலும் மலைதான். இந்த வாடைக்கு இங்கே ஒரு வேலையும் இல்லை. மூடியைத் திறக்கும்போதெல்லாம் நீ என் முதுகுக்குப் பின்னால் நிற்பதாகவே தோன்றுகிறது. திரும்பிப் பார்ப்பதை இப்போது விட்டுவிட்டேன்.

நம் கல்லூரி விலங்கியல் ஆய்வகத்துக்கு நீ தூத்துக்குடியிலிருந்து ஐஸ்பெட்டியில் அந்தக் கடல் ஜீவனைக் கொண்டுவந்த நாள் நினைவிருக்கிறதா? கட்டைவிரல் அளவு, உருண்டை உடம்பு, பெரிய கண். நான் பெரிய மேதாவி மாதிரி ‘கணவாய்க் குஞ்சு’ என்று சீட்டு எழுதி ஒட்டினேன். "ஏட்டி, இது குஞ்சு இல்ல, வளந்ததே இம்புட்டுதான்" என்று சிரித்தாய். பாப்டெயில், அதாவது குட்டைவால் கணவாய். அதில் எத்தனையோ வகை என்றாய்; சிலதுக்கு வெளிச்சமே கிடையாது, ஆழத்தில் திரியும் சிலது ஒளிரும் நீரைப் பீய்ச்சும். இதுவோ பகலெல்லாம் மணலைப் போர்த்திக்கொண்டு கிடந்து, இருட்டியதும் வயிற்றில் விளக்கேற்றுமாம்.

அந்த வயிற்றிலிருந்து எடுத்த, விளக்காக எரியும் பாக்டீரியாவை உப்புக் கரைசலில் வளர்த்தாய். பட்டப்பகலில், ஜன்னல்களைப் பழைய குடைத்துணியால் மூடி என்னை உட்காரவைத்தாய். "செத்த நேரம் பேசாம இரு, கண்ணு பழகணும்." பழகியது. ஃபிளாஸ்குக்குள் நீலமாக ஏதோ விழித்தது. அதைப் பிடித்திருந்த உன் விரல்கள் மட்டும் தெரிந்தன, நீ தெரியவில்லை. பயந்துபோய்க் கேட்டேன்:

"எதுக்குட்டி இது எரியுது?"

"நிலா வெளிச்சத்துல கீழ இருக்க மீனு அதோட நிழலப் பாத்துரக் கூடாதுல்லா. இது தெரியுறதுக்கு இல்லட்டி, மறையுறதுக்கு." இருட்டிலிருந்து உன் குரல் மட்டும் வந்தது.

ஆஸ்பத்திரியிலும் நீ அப்படித்தான், நோயை மறைக்கச் சிரித்துக்கொண்டே படுத்திருந்தாய். "வாரம் ஒருக்கா புதுக் கரைசலுக்கு மாத்திரு. நான் வார வரைக்கும் அணைய விட்ராத." நான் தலையாட்டினேன். நீ வரவில்லை.

ஸ்ரீவில்லிபுத்தூரில் உன் வீட்டில் உன் சாவுக்கு இருந்துவிட்டுத் திரும்பிய மறுநாள், குடைத்துணியை இழுத்துவிட்டு உட்கார்ந்தேன். எட்டு நாளாக ஃபிளாஸ்கை யாரும் தொடவில்லை. கண் பழகியும் அது கறுப்பாகவே இருந்தது. செத்துப்போச்சு என்று முடிவுகட்டி, அழுதுகொண்டே அப்படியே ஸிங்கில் கவிழ்த்தேன்.

கவிழ்க்கும்போது அது எரிந்தது. நீலமாகச் சுழன்று, சல்லடைக்குக் கீழே இறங்கி, கொஞ்ச நேரம் உள்ளேயிருந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. அசையாமல் வைத்தால் காற்றில்லாமல் மங்கும், குலுக்கினால் எரியும் என்று நீ சொல்லியிருந்தது அப்போதுதான் உறைத்தது. உயிரோடு இருந்ததை நானே கொட்டிவிட்டேன். அந்த இருட்டில் உன்னிடம் வாய்விட்டு மன்னிப்புக் கேட்டேன்.

பதில் வந்தது என்றால் பைத்தியம் என்பார்கள். எப்போதோ நீ சொன்ன வார்த்தைதான், ஆனால் காதருகில் கேட்டது: "விடிஞ்சா கணவாயே பாக்டீரியால முக்காவாசிய வெளிய துப்பிரும்ட்டி. உள்ள ஒட்டுன மிச்சம் போதும், பொழுது சாயுறதுக்குள்ள பெருகிரும்."

கழுவாத ஃபிளாஸ்கில் புதுக் கரைசலை ஊற்றினேன். உடனே ஒன்றும் தெரியவில்லை. கூட்டம் சேராமல் அதுகள் எரியாது. மறுநாள் குலுக்கிப் பார்த்தேன்; நீலமாக விழித்தது.

இப்போது வாரம் தவறாமல் மாற்றுகிறேன். குடைத்துணி இருட்டில் குலுக்கும்போது விரல்கள் மட்டும் தெரிகின்றன, நான் தெரிவதில்லை. அவை யாருடைய விரல்கள் என்று கேட்டுக்கொள்வதுமில்லை. நீ வரும்வரைக்கும் என்றுதானே சொன்னாய். அணையவிடவில்லை.