நகரமைப்புப் பிரிவின் வாசலில் எங்கள் தெரு

ஜூன் 3, செவ்வாய்

படத்தை மாட்டிவிட்டார்கள். மதியம் நான் வேலை பார்க்கும் கண்ணாடிக் கடையிலிருந்து நைசாக நழுவி, நகராட்சி அலுவலகத்துக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். ஊரில் வரைகிறவர்களின் படங்களை அங்கே சுவர்களில் மூன்று மாதம் வைக்கிறார்கள். வரி கட்டும் இடத்தில் யாரோ வரைந்த பூச்சாடி. பிறப்பு இறப்புப் பிரிவில் ஒரு குதிரை, ஏன் என்று தெரியவில்லை. எனக்குக் கிடைத்தது முதல் மாடி, நகரமைப்புப் பிரிவின் வாசல். நல்ல வெளிச்சம்.

எங்கள் பாலத்தடித் தெருவைத்தான் வரைந்திருக்கிறேன். பாலம், படிக்கட்டு, கழுவிவிட்ட மாதிரி நீளமான தெரு. கடைகள் இல்லை, ஆட்கள் இல்லை. எனக்கு ஆட்களை வரைய வராது, மூட்டை மூட்டையாக வந்து நிற்பார்கள். ஆள் இல்லாமல் கடை எதற்கு என்று அதையும் விட்டுவிட்டேன்.

அக்காவிடம் மூச்சு விடவில்லை. படத்தின் மூலையில் முதலெழுத்து மட்டும்தான். நாலு பேர் பாராட்டட்டும், அப்புறம் பந்தாவாகச் சொல்லிக்கொள்ளலாம்.

ஜூன் 7, சனி

ஒருவர்கூடப் பாராட்டவில்லை.

ஜூன் 10, செவ்வாய்

அக்கா கடையிலிருந்து வந்தபோதே முகம் சரியில்லை. பாலத்தடியில் பையும் குடையும் தைத்துக் கொடுக்கிற கடை அவளுடையது. அத்தான் போனபிறகு அந்தக் கடைதான் அவளை நிமிர்த்தி வைத்தது. வந்தவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"பாலத்தடிக் கடையெல்லாம் எடுக்கப் போறாங்களாம். பிளான் போட்டுட்டாங்க."

"யாரு சொன்னா?"

"பக்கத்துக் கடை சாவிக்காரரு. வீட்டுக்கு மாடி எடுக்க அனுமதி கேட்டு ஆபீஸுக்குப் போயிருக்காரு. வாசல்லயே கலர்ல பெருசா மாட்டியிருக்காம். பாலம் இருக்கு, படி இருக்கு, நம்ம கடை ஒண்ணுகூட இல்ல. எவ்வளவு கல்நெஞ்சு இருந்தா ஒரு பெஞ்சைக்கூட விடாம துடைச்சிருப்பான்னு கேக்கறாரு."

அது என் படம்.

"கடை போச்சுன்னா நான் பையன்கிட்டயே போயிடறேன்டி" என்றாள். "அவனும் கூப்பிட்டுக்கிட்டேதான் இருக்கான்."

அந்த நிமிடமே சொல்லியிருக்க வேண்டும். தண்ணீர் கொண்டுவருகிறேன் என்று உள்ளே போய்விட்டேன். அவள் போய்விட்டால் இந்த வீட்டில் நான் யாரோடு சண்டை போடுவது — என் படத்தாலா அவள் போக வேண்டும்?

ஜூன் 11, புதன்

காலையில் சொல்லிவிட்டேன். பல் தேய்த்துக்கொண்டிருந்தவள் அப்படியே நின்றாள்.

"கல்நெஞ்சு நீதானா?"

"வரைய வரலைக்கா. அதான் விட்டேன்."

சிரிப்பாள் என்று நினைத்தேன். வாயைக் கொப்பளித்துவிட்டு, "பிளான் இல்லன்னா சந்தோஷம்தான். ஆனா தினமும் அதைப் பாத்துப் பாத்து அவங்களுக்கே அந்த யோசனை வந்துட்டா?" என்றாள். "சும்மா இருந்தவங்களுக்கு எடுத்துக் குடுத்திருக்க."

எனக்கு அது தோன்றவே இல்லை.

ஜூன் 12, வியாழன்

கடைக்கு லீவு போட்டுவிட்டு அலுவலகம் போனேன். என் படத்தின் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு ஒருவர் நின்றிருந்தார். நகரமைப்பு அதிகாரி. வரைந்தது நான் என்றதும் முகம் மலர்ந்துவிட்டது.

"தினமும் ரெண்டு நிமிஷம் இங்க நின்னு பாத்துட்டுதான்மா உள்ள போறேன். எவ்வளவு நிம்மதியா இருக்கு. நிஜத்துலயும் இந்தத் தெரு இப்படியே இருந்தா எப்படி இருக்கும்!"

வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த முதல் பாராட்டு. அங்கேயே திருப்பிக் கொடுத்துவிடலாம் போலிருந்தது.

படங்களுக்குப் பொறுப்பான எழுத்தர் அம்மாவிடம் ஓடினேன். காலம் முடியாமல் கழற்றக் கூடாது என்பது விதியாம். கெஞ்சினேன், காரணத்தையும் சொன்னேன். கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார்.

"கழட்டக் கூடாதுன்னுதான் விதி. வரைஞ்சவங்க தொடக் கூடாதுன்னு எங்கயும் இல்லையே."

அந்த அம்மாவைக் கட்டிப்பிடிக்கத் தோன்றியது. மேசை குறுக்கே இருந்தது.

ஜூன் 16, திங்கள்

வண்ணங்கள், தூரிகை, ஒரு முக்காலி, கூடவே அக்கா. நகரமைப்புப் பிரிவின் வாசலிலேயே உட்கார்ந்து கடைகளைப் போட ஆரம்பித்தேன். வரிசையில் நின்றவர்களுக்கு நல்ல பொழுதுபோக்கு. ஆளாளுக்கு யோசனை சொன்னார்கள். தண்ணீர்க் கிண்ணத்தை ஒருவர் கேட்காமலே ஏந்திக்கொண்டார், முறை வந்து உள்ளே போகும்போது பின்னால் நின்றவரிடம் ஒப்படைத்தார். சாவிக்காரர் படத்தில் மூட்டை மாதிரித்தான் வந்தார். நேரிலும் அவர் கொஞ்சம் அப்படித்தான்.

"என் தார்ப்பாய் நீலம்டி, கறுப்பு இல்ல" என்று அக்கா முதுகில் குத்தினாள்.

அப்போதுதான் அதிகாரி வெளியே வந்தார். பேச்சு நின்றது. அக்காவின் கை என் தோளில் இறுகியது. அவர் ரொம்ப நேரம் பார்த்தார்.

"முன்னால இருந்ததுதான் எனக்குப் பிடிச்சிருந்தது" என்றார்.

போச்சு என்று நினைத்தேன். அவர் குனிந்து படிக்கட்டின் ஓரத்தைக் காட்டினார்.

"எல்லாரையும் போட்டீங்க, இங்க இருக்கற பெல்ட்டுக் கடைக்காரரை விட்டுட்டீங்களே. என் இடுப்புக்கு அவருதான் ஓட்டை போட்டுத் தருவாரு. அவரு இல்லன்னா நான் எங்க போவேன்?"

அக்கா உஸ்ஸென்று மூச்சு விட்டது எனக்கு மட்டும் கேட்டிருக்காது. பெல்ட்டுக் கடைக்காரருக்குக் கொஞ்சம் கூடுதலாகவே வண்ணம் வைத்தேன்.

ஜூன் 20, வெள்ளி

பாலத்தடிக்காரர்கள் முறைபோட்டுக்கொண்டு போய்ப் பார்த்துவிட்டு வருகிறார்கள். திரும்பி வரும்போது நடையே வேறாக இருக்கிறது. பிளானில் ஏறிவிட்டார்களாம்.

இது பிளான் இல்லை, நான் வரைந்த படம் என்று சாவிக்காரரிடம் தலைபாடாக அடித்துக்கொண்டு சொன்னேன். அவர் பரிதாபமாகச் சிரித்தார்.

"வரையறது வேற, ஆபீஸ் விஷயம் வேற. உனக்கு அதெல்லாம் புரியாது தங்கச்சி."

ஜூன் 21, சனி

நன்றாகத் தூங்கினேன்.

ஜூலை 9, புதன்

சாயங்காலம் அக்காவின் பையன் ஃபோன் செய்தான். எப்போது வருகிறாய் என்று கேட்டிருப்பான். அக்கா ஃபோனைத் தோளில் இடுக்கிக்கொண்டு, மடியில் கிடந்த பைக்கு ஜிப் தைத்தபடியே பேசினாள்.

"எங்கடா வர்றது? மழை தொடங்கினா குடையா வந்து குவியும். நீ பிள்ளைங்களைக் கூட்டிக்கிட்டு இங்க வா... இல்லடா, கடைக்காக மட்டும் இல்ல. உங்க சித்தியைத் தனியா விட்டுட்டு எப்படி வர்றது? சொல்லு."

நான் மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தேன். துடைத்த இடத்தையே திரும்பத் திரும்பத் துடைத்தேன்.

ஃபோனை வைத்துவிட்டு நிமிர்ந்தாள். "என்னடி முழிக்கிற? கண்ணு தெரியல, அந்த விளக்கை இப்படி நகத்து."

நகர்த்தி வைத்தேன்.