பசியாறிட்டேன்

திங்கள்

விடியலிலிருந்து மழை. துவைத்தது எதுவும் காயவில்லை.

வீட்டுக்கார அக்கா மாடிக்கு ஏறி வந்தார். "சனிக்கெழமைக்குள்ள காலி பண்ணிடும்மா. என் தம்பி குடும்பத்தோட வரான்."

தாம்பரத்தில் இந்த அறைக்கே நாய் மாதிரி அலைந்தேன். ஹாஸ்டலில் இடமில்லை. மலேசியாவுக்கு, ஈப்போ வீட்டுக்குத் திரும்பினால் படிப்பு போயிற்று.

மிச்சம்: ஊரப்பாக்கம். பள்ளிப் பரிமாற்றத்தில் வந்தபோது ஒரு வருடம் என்னை வைத்திருந்த குடும்பம். அம்மா, அப்பா, அவர்கள் மகள் நித்யா. (என் அம்மாவோடு குழம்பாமல் இருக்க: ஊ. அம்மா, ஊ. அப்பா.) சென்னை வந்து இரண்டு மாதம். நல்ல நிலையில்தான் போய் நிற்க வேண்டும் என்று தள்ளிப்போட்டேன். நல்ல நிலை!

போன் செய்தேன். ஊ. அம்மா: "அடிப்பாவி! இங்கியேவா இருக்க? புதன்கிழமை வாடி."

புதன்

மின்சார ரயில். கைப்பையில் பல்துலக்கி, ஒரு நைட்டி. தற்செயலாக இருப்பது போல.

ஊ. அம்மாவுக்கு நரை. கட்டிக்கொண்டார்.

"சாப்டியா?"

"பசியாறிட்டேன்மா."

எங்கள் ஊரில் அது காலைச் சாப்பாடு மட்டும். இங்கே வயிறு நிறைந்துவிட்டது என்று அர்த்தம். மதியம். குழம்புச் சட்டியை மூடிவிட்டார். வாசனை மட்டும்.

அந்த வருடம் முதல் நாளும் இதே தவறு. எல்லோரும் சிரித்தார்கள். அப்புறம் தினமும் காலையில் ஊ. அம்மா என்னை எழுப்பியதே "பசியாறலாமா, மலேசியா?" என்றுதான். மறந்துவிட்டார்.

நித்யா பிரசவத்துக்கு வந்திருக்கிறாள். "உன் ரூம நான் புடிச்சிட்டேன்டி. தொட்டில் கூட கட்டியாச்சு." இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

ஊ. அப்பா: "தங்கறதெல்லாம் வசதியா?"

"ரொம்ப நல்ல இடம்பா."

எந்த வாய் இதைச் சொன்னது?

வியாழன்

அறை தேடி கூடுவாஞ்சேரி, பெரும்பாக்கம். புரோக்கர்: "மலேசியா பாஸ்போர்ட்டா? ஓனரு ஒத்துக்க மாட்டாரும்மா. போலீஸ் ஸ்டேசன், அது இதுன்னு பேஜாரு."

மழை. செருப்பு அறுந்தது.

வெள்ளி

எழுத ஒன்றுமில்லை. பையை மூட முடியவில்லை. அதன் மேல் உட்கார்ந்து மூடினேன். அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

சனி

சொல்லாமல் போய் நின்றேன். இரண்டு பை. சொல்ல வேண்டிய வாக்கியத்தை வண்டலூர் வரை ஒத்திகை பார்த்தேன்.

கேட்டைத் திறந்த ஊ. அப்பா பைகளைப் பார்த்தார். "அடடா, ஊருக்குக் கெளம்பிட்டியா? சொல்லிட்டுப் போவ வந்தியா?" உள்ளே பார்த்துக் கத்தினார்: "ஏய், புள்ள ஏர்போர்ட்டுக்குப் போறா!"

வாயைத் திறந்தேன். அதற்குள் ஊ. அம்மா என் அம்மாவுக்கு வடகம் கட்டுகிறார். நித்யா அழுகிறாள், "கொழந்தைய பாக்காம போறியேடி." ஊ. அப்பா தெருமுனை ஆட்டோவைக் கூப்பிட்டுப் பெரிய பையை ஏற்றியே விட்டார்.

ஆட்டோக்காரர்: "குரோம்பேட்டைல தண்ணி நிக்குது சார். இப்பவே வுட்டாதான்."

ஊ. அம்மா வடகப் பொட்டலத்தை என் கையில் திணித்தார். "வழியில பசிக்கும். சாப்டியா?"

"இல்லம்மா. இன்னும் பசியாறல."

அவர் கை என் கைமேல் நின்றுவிட்டது. அறுந்து ஊக்கு குத்திய செருப்பைப் பார்த்தார். முகத்தைப் பார்த்தார்.

"எத்தனை மணிக்கு ஃப்ளைட்டு?"

அழுகைதான் வந்தது, அசிங்கமாக, மூக்கோடு.

வெளியே ஹாரன். "இன்னாமா, வரியா இல்லியா?"

ஊ. அம்மா வாசலுக்குப் போனார்.

"பைய எறக்குப்பா. எங்க பொண்ணு இன்னும் பசியாறல."