என் பெயர் வைத்த செதில்பூச்சி

ஜூன் 3

பிரிவுத் தலைமை எனக்கு இல்லையாம். கூட வேலை பார்க்கும் கோட்டுக்காரனுக்காம். செதில்பூச்சிக்குத் தலை எந்தப் பக்கம் என்று போன வாரம் என்னிடம் வந்து கேட்டவன்! பெரியவர் (எங்கள் இயக்குநரை அப்படித்தான் சொல்வோம்) என்னைத் தனியே கூப்பிட்டு, புது ஆய்விதழைப் பிரித்துக் காட்டினார். "உனக்கும் ஒண்ணு வெச்சிருக்கேம்மா. இந்தப் புதுக் குழிச்செதிலுக்கு உன் பேரு. எங்கம்மா பேருக்கப்புறம் உன் பேரைத்தான் வெச்சிருக்கேன்." அழுகிற குழந்தைக்குக் கிலுகிலுப்பை. நானும் "நன்றி சார்" என்று சொல்லித் தொலைத்தேன்.

ஜூன் 4

வீட்டில் யாருக்கும் தலைகால் புரியவில்லை. கணவர் சொந்தக்காரர்களுக்கெல்லாம் போன் போட்டுவிட்டார். மகள்தான், "அந்தப் பூச்சி என்னம்மா பண்ணும்?" என்று கேட்டாள். குச்சியில் குழி பறித்துக்கொண்டு ஆயுசுக்கும் ஒரே இடத்தில் உட்கார்ந்திருக்கும், காலும் கிடையாது என்றேன்.

"பொருத்தமாத்தான் வெச்சிருக்கார்."

முறைத்தேன். அவள் சொன்னதில் என்ன தப்பு?

ஜூன் 19

பெரியவர் அந்தப் பூச்சியை எடுத்த அதே வராந்தாச் செடியில் இன்று கொஞ்சம் சுரண்டினேன். காரக் கரைசலில் காய்ச்சி, சாயம் ஏற்றி, வெறும் தோலைக் கண்ணாடித் தகட்டில் பரப்பி நுண்ணோக்கியில் வைத்தால், ஒன்றில் தோலுக்குள் தோல். சட்டை உரிக்கும் நேரத்தில் மாட்டிக்கொண்டிருக்கிறது. வெளித்தோல் என் பெயர் வைத்த பூச்சி. உள்தோல் எல்லாச் செடியிலும் கிடக்கிற பழைய குழிச்செதில்!

வெளித்தோலில் முட்டையிடும் துவாரமே இல்லை. வயசுக்கு வராத குஞ்சு. அதை வளர்ந்த பெண் என்று நினைத்துப் பெயர் வைத்திருக்கிறார். துவாரம் இருக்கிறதா என்று பார்த்த பிறகே மற்றதைப் பார்க்க வேண்டும் என்று இந்த வேலையில் முதல் வாரமே சொல்லிக்கொடுப்பார்களே!

அப்படி ஒரு இனமே கிடையாது. கொடுத்த கிலுகிலுப்பையும் ஓட்டை.

ஜூன் 20

பெரியவரிடம் சொன்னேன். "உன் பேருதானே? விட்டுத் தள்ளேன். யாரு பாக்கப் போறா?" என்கிறார்.

என் பேருதான்யா! அதனாலதான் விட முடியல. நாளைக்கு எவனோ கண்டுபிடிச்சு, இல்லாத பூச்சின்னு என் பேரைப் போட்டு எழுதுவான். இந்தம்மா அங்கயேதானே உக்காந்திருந்தா, பாக்கலையான்னு கேப்பான். கேக்க மாட்டானா?

ஜூன் 21

"எல்லார்கிட்டயும் சொல்லிட்டேனே" என்கிறார் கணவர். அவரோடும் பேச்சில்லை.

அக்டோபர் 8

என் திருத்தக் குறிப்பு அச்சில் வந்துவிட்டது. பழைய பெயருக்குக் கீழே, பொடி எழுத்தில், செல்லாத பெயராக நான். கோட்டுக்காரன் படிக்காமலேயே கை கொடுத்துவிட்டுப் போனான்.

அக்டோபர் 14

இத்தனை நாள் முகம் கொடுத்துப் பேசாத பெரியவர், இன்று ஒரு தட்டு நிறையத் தகடுகளைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார். அவர் பெயர் வைத்த இனங்கள் எல்லாம். "ஒரு தடவ பாத்துடு."

உங்கள் கோட்டுக்காரனிடம் கொடுங்கள் என்று வாய்வரை வந்தது.

முதல் தகடு அவருடைய அம்மா பெயர் வைத்தது. பார்த்தேன். விளக்கைக் கூட்டி மறுபடியும் பார்த்தேன். துவாரம் இல்லை.

நிமிர்ந்தால், போகாமல் அங்கேயே நிற்கிறார். "என்னம்மா?"

நாற்காலியை இழுத்துப் போட்டு, "உக்காருங்க சார்" என்றேன்.