பின்னாலிருந்து கூப்பிட்டால்

அல்மாட்டி
3 அக்டோபர் 1997

என் உல்மெகெனுக்கு,

நான் சுகம். நீயும் பையனும் சுகமா? போனில் நான் ‘ஹலோ ஹலோ’ என்று கத்தியதுதான் மிச்சம், நீ சொன்னது ஒன்றும் காதில் விழவில்லை. இனிமேல் கடிதம்தான். ரயிலில் நம் ஊர்ப் பெட்டியைப் பார்த்துக்கொள்கிற கம்ஷாத்திடம் கொடுத்தனுப்புகிறேன். பதிலை அவளிடமே கொடு.

காதில் கருவியை மாட்டிவிட்டார்கள். வெளிநாட்டிலிருந்து வந்தது, மொச்சைக்கொட்டை அளவுதான் இருக்கிறது. என்னைப் போல ரயில்வேயில் காதைப் பறிகொடுத்த சிலருக்கு மாட்டி, இங்கே ஒரு டாக்டரம்மா சோதித்துப் பார்க்கிறாள். அறைக்குள் அருமையாக வேலை செய்கிறது. தேநீர்க் கிண்ணத்தில் கரண்டி தட்டும் சத்தம் கேட்டு, யாரடா மணியடிக்கிறார்கள் என்று திரும்பிப் பார்த்தேன். தெருவில் இறங்கினால்தான் தொல்லை. காற்று, லாரி, மனுஷன் எல்லாம் ஒரே இரைச்சலாகிவிடுகிறது.

இந்தச் சோதனையில் தேறியாக வேண்டும், உல்மெகென். தேறாவிட்டால் ரயில் பெட்டி கோர்க்கும் வேலை போகும், அதோடு ரயில்வே வீடும் போகும். வேலைக்குத் திரும்புகிறவனுக்குத்தான் கருவி சொந்தம், தோற்றவன் கழற்றிக் கொடுத்துவிட வேண்டுமாம். குளிர்காலம் வேறு வாசலில் நிற்கிறது.

உன்
தவுலெத்

ஆரிஸ்
7 அக்டோபர் 1997

பிள்ளையின் அப்பாவுக்கு,

கடிதம் கிடைத்தது. பையனுக்குச் சளி, மற்றபடி குறையில்லை. அடுப்புக் குழாயை நானே கழற்றிச் சுத்தம் செய்தேன். முகத்தில் படிந்த கரி இன்னும் போகவில்லை, அங்கிருந்து நீங்கள் சிரிக்க வேண்டாம்.

ஒன்று கேட்கிறேன், கோபப்படாதீர்கள். தெருவில் எல்லாம் ஒரே இரைச்சல் என்பதை டாக்டரம்மாவிடம் சொன்னீர்களா? சொல்லியிருக்க மாட்டீர்கள். என் அம்மா உப்பென்று நினைத்துச் சோடா மாவைக் கொட்டிய சூப்பைக் குடித்துவிட்டு, “நல்லாருக்கு, இன்னொரு கிண்ணம் ஊத்துங்க” என்றவராயிற்றே நீங்கள். யார் எதைக் கொடுத்தாலும் நன்றாயிருக்கிறது என்றே சொல்லிப் பழகிவிட்டீர்கள். இது விருந்தில்லை.

ஒராஸ்பாயின் மனைவி நேற்று தேநீருக்கு வந்தாள். ஒராஸ்பாய்க்குக் காது நன்றாகத்தானே கேட்டது. உங்களோடு ஒரே யார்டில் இருந்தவர். அப்படியும் இரண்டு பெட்டிகளுக்கு நடுவில் நசுங்கிப் போய்விட்டார். அவள் எதிரே உட்கார்ந்து எனக்கு ரொட்டி இறங்கவில்லை.

உள்ளதைச் சொல்லிவிடுங்கள்.

உல்மெகென்

அல்மாட்டி
13 அக்டோபர் 1997

என் உல்மெகெனுக்கு,

தேறிவிட்டேன்! சான்றிதழ் சட்டைப்பையில் இருக்கிறது. இருபதாம் தேதி மாலை வேலையில் சேர வேண்டும்.

உனக்கு மட்டும் ஒரு வேடிக்கை சொல்கிறேன். கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார வைத்து, சத்தம் கேட்டால் பொத்தானை அமுக்கு என்பார்கள். நர்ஸ் ஒலியை விடும்போது அவள் முழங்கை லேசாக அசையும், அது கண்ணாடியில் தெரியும். கேட்காததற்கும் அமுக்கினேன். பதறாதே, சின்னச் சின்னச் சத்தத்துக்குத்தான் அப்படி. அப்புறம் கருவியைத் திருத்திக் கொடுத்தார்கள், இப்போது தெருவிலும் எல்லாம் கேட்கிறது.

நம்பமாட்டாயே. சரி, நீயே சோதித்துப் பார். சனிக்கிழமை ஸ்டேஷனுக்கு வா. பின்னாலிருந்து வீட்டு ஆள் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புகிறானா, அதுதான் நிஜமான சோதனை என்கிறாள் டாக்டரம்மாவும். ஆனால் நீ எங்கே என் பெயரைச் சொல்லப் போகிறாய்? கல்யாணமான நாளிலிருந்து ‘இந்தாங்க’தான். அதையே சொல், திரும்புகிறேன்.

பையனுக்கு ஆப்பிள் வாங்கி வைத்திருக்கிறேன்.

உன்
தவுலெத்

ஆரிஸ்
19 அக்டோபர் 1997

தவுலெத்,

ஆமாம், உங்கள் பெயரை எழுதிவிட்டேன். உங்கள் அம்மா இருந்திருந்தால் என் கையை முறித்திருப்பார்.

நேற்று நான் தாமதமாக வந்ததாகச் சொன்னேன், அது பொய். ரயில் வருவதற்கு முன்பே வந்து தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் நின்றேன். ஆப்பிள் பையோடு இறங்கினீர்கள். கம்ஷாத் என் பக்கத்தில் வந்து, “நான் பேசினா என் வாயையே பாத்துக்கிட்டிருக்காரு உன் புருஷன். பல்ல எண்ணியே முடிச்சிருப்பாரு” என்றாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

உங்கள் முதுகுக்குப் பின்னால் வந்து ‘இந்தாங்க’ என்றேன். அப்புறம் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். முதலில் வெட்கமாக இருந்தது, பிறகு வெட்கம் போய்விட்டது, கத்தினேன். ஜனங்கள் திரும்பிப் பார்த்தார்கள். நீங்கள் எதிர்ப்பக்கம் பார்த்துச் சிரித்த முகமாய் என்னைத் தேடிக்கொண்டிருந்தீர்கள். அடுத்த தண்டவாளத்தில் எஞ்சின் ஊதியது. அதற்கும் நீங்கள் திரும்பவில்லை.

இந்தக் கடிதத்தைக் கிண்ணத்துக்கு அடியில் வைத்துவிட்டு மதிய ரயிலில் போகிறேன். டாக்டரம்மாவிடம் நீங்கள் கண்ணாடியில் பார்த்து அமுக்கியதையும் சொல்வேன், நேற்று நடந்ததையும் சொல்வேன். வேலை போகும், வீடு போகும், எல்லாம் தெரிந்துதான் போகிறேன். நேரில் சொன்னால் என்னைத் தடுப்பீர்கள், நானும் நின்றுவிடுவேன். என்னை வெறுத்தாலும் சரி. ஒராஸ்பாயின் மனைவி மாதிரி என்னால் இருக்க முடியாது.

பையனை நாத்தனார் வீட்டில் விட்டிருக்கிறேன். பானையில் சூப் இருக்கிறது.

உல்மெகென்

ஆரிஸ்
21 அக்டோபர் 1997

உல்மெகென்,

நேற்று மத்தியானமே தந்தி வந்துவிட்டது. யார்டு மாஸ்டர் எல்லார் முன்னாலும் என் கொடியையும் விளக்கையும் வாங்கிக்கொண்டார். மாதக் கடைசிக்குள் வீட்டைக் காலி செய்ய வேண்டும். போதுமா? என்னைக் குழிக்குள் தள்ளிவிட்டு, சூப் இருக்கிறது என்று எழுதுகிறாயே. ராத்திரி முழுக்க உன்னைத் திட்டிக்கொண்டிருந்தேன். பானையை எடுத்து முற்றத்தில் கவிழ்த்தேன்.

எங்கே போவோம்? எனக்குத் தெரியவில்லை. என் அண்ணனுக்கு எழுதியிருக்கிறேன், அவன் வீட்டிலேயே இடமில்லாத கூட்டம்.

வியாழக்கிழமை கருவியை யார்டு மாஸ்டரிடம் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். அதற்கப்புறம் பழையபடி செவிட்டுச் சுவர்தான் நான்.

காலையில் உன் கடிதத்தை மறுபடி எடுத்தேன். என் பெயரைக் கத்தினேன் என்று எழுதியிருக்கிறாய். அத்தனை ஜனங்களுக்குக் கேட்டிருக்கிறது. கம்ஷாத்துக்குக் கேட்டிருக்கிறது. தொட்டியில் தண்ணீர் பிடிக்க வந்தவனுக்குக்கூடக் கேட்டிருக்கும்.

கம்ஷாத் இன்று கிளம்புகிறாள், டாக்டரம்மாவிடம் விசாரித்து உன்னிடம் கொடுத்துவிடுவாள். இது கையில் கிடைத்ததும் புறப்பட்டு வா, புதன் ராத்திரிக்குள் வந்துவிடலாம். ஜன்னலைச் சாத்தி வைக்கிறேன். அறைக்குள் இந்தக் கருவி நன்றாகவே கேட்கிறது, அது மட்டும் பொய்யில்லை. நான் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பேன். நீ பின்னால் வந்து இன்னொரு தடவை சொல்.

தவுலெத்