மாமன் மடி

தம்பி,

நலம் விசாரிக்கிற நிலையில் நான் இல்லை. நேற்று அரிமளத்தில் பாப்பாவுக்குக் காதுகுத்து. மடியில் வைத்துக்கொள்ள மாமன் இல்லாமல் ஆசாரி ஊசியோடு காத்திருந்தார். பத்திரிகையில் உன் பெயரைக் கீழே போட்டதற்கா இவ்வளவு வீம்பு?

அப்போதுதான் சீர்த்தட்டோடு நாகராசு நுழைந்தான். என்னிடம் மனநல ஆலோசனைக்கு வருகிறவன்; லீவு என்றாலும் வீடு தேடி வந்துவிடுவான். "அக்கா, நான் இருக்கேன்ல!" என்று சம்மணம் போட்டு உட்கார்ந்து பாப்பாவை வாங்கிக்கொண்டான். குத்தும்போது அவளைவிட அவன்தான் அதிகம் அழுதான். சனம் சிரித்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"நான் உன் அக்கா இல்லை" என்று அவனிடம் வாராவாரம் சொல்கிறேன், கேட்கமாட்டேன் என்கிறான்.

உன்னிடம் அதை ஒருமுறைகூடச் சொன்னதில்லையேடா.

இன்னமும்,
உன் அக்கா